கேம்பர் வேன்: ஒரு பேட்டரி மட்டும் சுடுகிறது, அழுகிய முட்டை நாற்றம்

கேள்வி:
டெம்போ டிராவலரில் கட்டிய கேம்பர். கட்டிலுக்கு அடியில் 12 வோல்ட் 150 ஏஹெச் ட்யூபுலர் (தண்ணீர் ஊற்றுகிற லெட்-ஆசிட்) பேட்டரி இரண்டு, பேரலலில் (பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ்). சார்ஜ் ஏறும்போது அழுகிய முட்டை நாற்றம். ஒன்று மட்டும் தொட்டால் சுடுகிறது, அதில் தண்ணீரும் சீக்கிரம் வற்றுகிறது. தண்ணீர் ஊற்றி ஓட்டலாமா, லித்தியத்துக்கு மாறிடலாமா?

மறுமொழி 1:
தண்ணீர் அப்புறம் சார், முதலில் சார்ஜை நிறுத்துங்க. வெளிக் கரண்டை வண்டிக்கு வெளியிலேயே பிடுங்கணும். சோலார் சுவிட்ச் உள்ளே இருந்தால் தொடாமல், பேனல் மேல் தார்ப்பாய் போட்டு மூடுங்க. சார்ஜ் ஏறும்போது பேட்டரி ஹைட்ரஜன் விடும், அது காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, விஷம். கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. போய்விட்டது என்று நம்பி உள்ளே படுக்காதீங்க. கதவெல்லாம் திறந்து வையுங்க. ஆறியதும் நெகட்டிவை முதலில் கழற்றி இரண்டையும் பிரிங்க. ஸ்பேனர் பிடியில் டேப் சுற்றணும், கையில் மோதிரம் கூடாது, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

மறுமொழி 2:
அறிகுறி எல்லாம் செல் ஷார்ட்டைத்தான் காட்டுது, அதாவது பேட்டரிக்குள் ஒரு செல் உள்ளேயே ஷார்ட் ஆகிவிட்டது. ஒரு பேட்டரியில் உள்ள ஆறு செல்லில் ஒன்று செத்தால் சார்ஜரின் 14.4 வோல்ட்டை மீதி ஐந்தும் தாங்கணும்: செல்லுக்கு 2.4 போய் 2.88. கொதிக்காமல் என்ன செய்யும்? சார்ஜை நிறுத்தினாலும் நல்ல பேட்டரி இதற்குள் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும், பிரிக்கச் சொல்வது அதற்குத்தான். ஓர் இரவு விட்டு அளந்து பாருங்க. 12.6 பக்கம் வரணும், 10.5 என்றால் ஸ்கிராப். புதுசு ஒன்று வாங்கிப் பழசோடு கோக்காதீங்க, ஜோடியாகவே மாற்றுங்க.

மறுமொழி 3:
லித்தியம் பேட்டரியை ஆல்டர்னேட்டரில் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தருவது) நேராகக் கட்டினால் அது இழுக்கிற இழுப்பில் ஆல்டர்னேட்டர் கருகிடும். நடுவில் அந்த இழுப்பைக் கட்டுப்படுத்த 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வேணும். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது. லடாக் போகிறவர்கள் பிஎம்எஸ்ஸில் (பேட்டரியைக் காக்கும் உள் சர்க்யூட்) குளிரில் சார்ஜை நிறுத்தும் கட்-ஆஃப் இருக்கா பார்த்து வாங்கணும்.

ட்யூபுலரே என்றால் மூடிய பெட்டி, உச்சியில் வென்ட், குழாய் வண்டிக்கு வெளியே. கேஸ் சிலிண்டர் பெட்டிக்கு மட்டும் வென்ட் அடியில்: எல்பிஜி கனம், ஹைட்ரஜன் லேசு. இரண்டுக்கும் ஒரே இடத்தில் ஓட்டை போடுகிற பாடி பில்டர்கள் உண்டு, கவனம். ஃப்யூஸ் பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து ஒரு சாணுக்குள். டிஸ்டில்டு வாட்டர் ஃபுல் சார்ஜுக்குப் பிறகுதான். பிளேட் வெளியே தெரிந்தால் மட்டும் அது முங்குகிற அளவு முன்னாடியே ஊற்றலாம்.

கேட்டவர்:
10.4 காட்டுது. தூக்கும்போது டிரேயில் கொஞ்சம் ஆசிட் சிந்திடுச்சு. சோப்புத் தண்ணீர் போதுமா?

மறுமொழி 2:
போதாது. ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்து, நுரை அடங்கும்வரை ஊற்றிக் கழுவுங்க. மூடிகளை இறுக்கிட்டுச் செய்யுங்க, செல்லுக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது.