ஆக்சிலரேட்டரை மிதித்தால் இடப்புறம், விட்டால் வலப்புறம்: பழைய ஜிப்ஸியின் பின்பக்கக் கோளாறு

தேயிலைச்சரிவு எழுதியது:

வணக்கம். வால்பாறையில் எஸ்டேட் வேலைக்காக 1998-ஆம் ஆண்டு மாருதி ஜிப்ஸி ஒன்றை வைத்திருக்கிறேன். 1298 சிசி கார்புரேட்டர் எஞ்சின், அகன்ற ட்ராக் (இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம்) உள்ள வகை. எஞ்சினிலும் கியர் பெட்டியிலும் குறை எதுவும் இல்லை. பின்பக்கம்தான் கவலை தருகிறது.

சமதளச் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி மெல்ல இடப்புறம் ஒதுங்குகிறது. காலை எடுத்ததும் வலப்புறம், அதாவது எதிரே வண்டிகள் வரும் பக்கம், போகிறது. ஆழியாறுக்கு இறங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், வளைவின் நடுவே சிறு பள்ளம் குறுக்கிட்டால்கூடப் பின்பக்கம் வெளிப்புறமாக நழுவுகிறது. புறப்படும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் இடது பின் சக்கரத்தின் அருகே ‘டொக்’கென்று ஒரு சத்தம் கேட்கிறது. அந்தப் பக்கம் வலதைவிடச் சுமார் 2 சென்டிமீட்டர் தாழ்ந்தும் நிற்கிறது.

ஷாக் அப்சார்பர்கள் புதிதாகப் போடப்பட்டன, மாற்றம் இல்லை. வீல் அலைன்மென்ட் செய்த பிறகும் ஸ்டீயரிங் நேராக நிற்கவில்லை. முந்தைய உரிமையாளர் பாரம் ஏற்றுவதற்காகப் பின் ஸ்பிரிங் கட்டில் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த எஃகுப் பட்டைகளில்) பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்திருக்கிறார். இப்போது பட்டறையில் இரண்டு கட்டுகளையும் முழுதாக மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு முன் எதை, எந்த வரிசையில் சோதிக்க வேண்டும்?

பழையபட்டறை எழுதியது:

வணக்கம் ஐயா. நீங்கள் சொன்ன அறிகுறிகளில் முதலாவதே மிக முக்கியமானது. மிதித்தால் ஒரு பக்கம், விட்டால் மறு பக்கம் என்று வண்டி போனால், பின் ஆக்சில் (இரு பின் சக்கரங்களையும் தாங்கும் அச்சு) தன் இடத்தில் உறுதியாக நிற்கவில்லை என்று பொருள். ஷாக் அப்சார்பர் ஆக்சிலின் ஆட்டத்தை அடக்குமே தவிர, அதை இடத்தில் பிடித்துவைக்காது. ஆகவே அதை மாற்றியதில் பயன் தெரியாததில் வியப்பில்லை.

ஜிப்ஸியில் பின் ஆக்சிலைப் பிடித்திருப்பவை இரண்டு லீஃப் ஸ்பிரிங் கட்டுகள் மட்டுமே. சுமையைத் தாங்குவது, ஆக்சிலை முன்பின் நகராமல் நிறுத்துவது, சக்கரம் சாலையை உதைக்கும் விசையைச் சேஸிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டத்துக்கு) கடத்துவது என மூன்று வேலைகளையும் அந்தப் பட்டைகளே செய்கின்றன. கட்டின் பின்முனை ஷேக்கிள் என்ற ஆடும் இணைப்பில் தொங்குவதால் அது முன்னும் பின்னும் நகரக்கூடியது. ஆக்சிலின் இடத்தைத் தீர்மானிப்பது முன்முனையின் கண்ணும் (போல்ட் நுழையும் வளையம்) அதற்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷும்தான் (போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் உறை). இடப்பக்கத்துப் புஷ் நைந்திருந்தால், மிதிக்கும்போது ஆக்சிலின் இடது முனை முன்னால் நகரும். அப்போது பின் சக்கரங்கள் இரண்டும் சற்றே வலப்புறம் நோக்கித் திரும்பும், வண்டியின் பின்பக்கம் வலப்புறம் போகும், மூக்கு இடப்புறம் திரும்பும். காலை எடுத்தால் இவை யாவும் தலைகீழாகும். நீங்கள் எழுதியது இதுவேதான். தாழ்ந்திருப்பதும் சத்தம் வருவதும் அதே பக்கம் என்பதால் என் சந்தேகம் முழுவதும் இடப்பக்கத்தின்மீதே இருக்கிறது.

இந்த நகர்வு சிறிதாக இருந்தாலே போதும். பின் ட்ராக் அகலம் ஏறத்தாழ 1310 மில்லிமீட்டர். ஒரு முனை 10 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஆக்சில் 0.4 டிகிரிக்கு மேல் கோணலாகிவிடும். நீங்கள் தொடாமலேயே பின் சக்கரங்கள் அந்த அளவுக்குத் திருப்பப்படுகின்றன.

முதலில் அளந்து பாருங்கள். சமமான தரையில் வண்டியைச் சிறிது தூரம் நேராக ஓட்டி நிறுத்தி, இரு பக்கமும் முன் கண்ணின் போல்ட் மையத்திலிருந்து ஆக்சில் மையம் வரை உள்ள தூரத்தை ஒப்பிட வேண்டும். அடுத்தது அசைவுச் சோதனை: முன் சக்கரங்களின் முன்னும் பின்னும் கனமான கட்டைகளை அண்டை கொடுத்து, நான்கு சக்கர ஓட்டத்தை விலக்கிவிட்டு, ஒருவர் முதல் கியரில் கிளட்சை மிக மெதுவாக விட்டு வண்டியைக் கட்டையின்மீது தள்ளச் செய்யவும், பிறகு ரிவர்ஸிலும் அவ்வாறே செய்யவும். கால் பிரேக்கை மிதிக்கக் கூடாது. மிதித்தால் விசை சக்கரத்திலேயே அடங்கிவிடும், புஷ் வரை போய்ச் சேராது. வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ அடியிலோ எவரும் இருக்க வேண்டாம். கைப்பேசியைப் பக்கவாட்டில் தரையில் வைத்துப் படம் பிடித்தால் கண்ணின் அசைவு தெளிவாகத் தெரியும்.

மலைப்பாதை எழுதியது:

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அதனுடன், கட்டை ஆக்சிலோடு சேர்த்து இறுக்கும் யு வடிவ யு போல்ட்டையும், பட்டைகளை நடுவில் துளைத்துச் செல்லும் சென்டர் போல்ட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்டர் போல்ட்தான் ஆக்சிலைப் பிடித்திருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதன் தலை ஆக்சில் இருக்கையின் குழியில் அமர்ந்து இடத்தைக் குறிக்கிறது, அவ்வளவே. பிடிமானம் முழுவதும் யு போல்ட்டுகளின் இறுக்கத்தால் உண்டாகும் உராய்விலிருந்து வருகிறது. அந்த இறுக்கம் தளர்ந்தால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் சென்டர் போல்ட் அடி வாங்கி, ஒரு நாள் அறுந்துபோகும். இருக்கைக்கும் பட்டைக்கும் நடுவே செந்நிறத் துருப்பொடி கசிந்திருந்தாலோ, உராய்ந்து பளபளக்கும் தடம் தெரிந்தாலோ அங்கே நகர்வு இருக்கிறது என்று கொள்ளலாம். கூடுதல் பட்டையால் கட்டின் தடிமன் உயர்ந்திருக்கிறது. பழைய நீளத்து யு போல்ட்டுகளையே போட்டிருந்தால் நட்டுக்கு வெளியே எத்தனை மரை நிற்கிறது என்று பாருங்கள்.

அந்தக் கூடுதல் பட்டையைப் பற்றி எனக்கு வலுவான கருத்து உண்டு: அது வெளியே வர வேண்டும். ஜிப்ஸியின் பின்பக்கம் ஆளோ சுமையோ இல்லாதபோது மிக இலகுவானது, இறக்கத்தில் எடை முன்னால் போவதால் இன்னும் இலகுவாகிறது. அந்த நிலையில் விறைத்த ஸ்பிரிங் பள்ளத்தைப் பின்தொடராமல் சக்கரத்தைத் துள்ளவைக்கும். அதைவிடக் கெடுதலான விளைவு ஒன்றும் உண்டு. பட்டை கூடியதால் கட்டின் வளைவு உயர்ந்து, ஆக்சில் முன் கண்ணைவிட வழக்கத்தைக் காட்டிலும் கீழே நிற்கும். வளைவில் வண்டி சாயும்போது அழுந்துகின்ற வெளிச்சக்கரம் பின்னோக்கியும், தொங்குகின்ற உட்சக்கரம் முன்னோக்கியும் நகரும். அதாவது முன் சக்கரங்கள் திரும்பும் திசைக்கு எதிராகப் பின் ஆக்சில் திரும்பும். புஷ்கள் யாவும் புதியனவாக இருந்தாலும் இந்தக் குணம் போகாது. கொண்டை ஊசி வளைவில் பின்பக்கம் வெளியே போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பின் ஆக்சில் சரியாகும்வரை வீல் அலைன்மென்ட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். முன்னாலும் முழு ஆக்சில் உள்ள இந்த வண்டியில் அவர்களால் டோ (முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டுமே திருத்த முடியும். பின் ஆக்சில் கோணலாக நிற்கும்வரை ஸ்டீயரிங்கும் கோணலாகவே நிற்கும்.

கடற்கரைச்சாலை எழுதியது:

புஷ் ஏன் கெட்டது என்பதையும் கேட்டறிவது நல்லது. வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் வண்டியின் அடியில் டீசல் அடிக்கும் வழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. துரு வராது என்பதற்காகச் செய்கிறார்கள், ஆனால் டீசலும் எண்ணெயும் பட்டால் இயற்கை ரப்பர் உப்பி, மென்மையாகி, பிய்ந்துவிடும். புது புஷ் போட்ட பிறகு அந்தப் பக்கமே டீசலைக் காட்டாதீர்கள். அதேபோல ரப்பர் புஷ்ஷில் சாதாரண கிரீஸும் வைக்கக் கூடாது.

இன்னொன்று: முன் கண்ணைத் தாங்கும் சேஸிஸ் பிராக்கெட்டையும், ஷேக்கிள் தொங்கும் இடத்தையும் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். எங்கள் கடலோரப் பகுதியில் வெளியே பெயின்ட் நன்றாக இருந்து, உள்ளே வெல்டிங் ஓரத்தில் இரும்பு இதழ் இதழாக உரிந்திருப்பதை நிறையப் பார்க்கிறோம். உங்கள் மலையிலும் மழைக்குக் குறைவில்லை. பிராக்கெட்டில் விரிசல் இருந்தால் ஸ்பிரிங் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைத்தான் கவனிக்க வேண்டும்.

தேயிலைச்சரிவு எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. சொன்ன வரிசையிலேயே பார்த்தோம். இடப்பக்கத் தூரம் வலப்பக்கத்தைவிட 8 மில்லிமீட்டர் குறைவு. அசைவுச் சோதனையில் இடது முன் கண் போல்ட்டைச் சுற்றி முன்னும் பின்னும் அடிப்பது படத்தில் தெளிவாகத் தெரிகிறது. ரப்பர் ஒரு பக்கம் அறவே இல்லை. யு போல்ட்டிலும் சென்டர் போல்ட்டிலும் நகர்வின் தடம் இல்லை, பிராக்கெட்டுகளும் திடமாக உள்ளன. ஆனால் கட்டைக் கழுவியபோது இடப்பக்கத்தில் இரண்டாவது பட்டை, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புக்கு அடியில் முறிந்திருப்பது தெரியவந்தது. இடது பக்கத்தை மட்டும் சரிசெய்தால் போதுமா? புஷ்ஷுக்கு ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் (ஒரு வகைச் செயற்கைப் பொருள்) போடலாமா?

பழையபட்டறை எழுதியது:

தாழ்ந்திருப்பதற்குக் காரணம் அந்த முறிந்த பட்டைதான். இழுப்புக்கும் சத்தத்துக்கும் காரணம் புஷ். ஒரு பக்கத்தை மட்டும் சரிசெய்யாதீர்கள். புது பட்டையின் வளைவும் பழைய கட்டின் வளைவும் ஒத்துப்போகாமல் வண்டி மறுபடியும் ஒரு பக்கம் சாயும். கூடுதல் பட்டை இல்லாத, கம்பெனி அளவிலான கட்டுகளை இரு பக்கமும் போடுங்கள். ஆகவே உங்கள் பட்டறையில் கட்டு மாற்றச் சொன்னது சரியே. புஷ்ஷை விட்டுவிட்டு அதை மட்டும் செய்திருந்தால் இழுப்பு அப்படியே இருந்திருக்கும். பழைய பட்டைகளை அடித்து வளைவு ஏற்றித் தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அந்த வளைவு நெடுநாள் நிற்பதில்லை.

பாலியூரித்தேனுக்கு டீசல் பயம் குறைவு என்பது உண்மை. ஆனால் உங்கள் எஸ்டேட் பாதையில் ஒரு சக்கரம் மேட்டிலும் மறு சக்கரம் பள்ளத்திலும் போகும்போது கட்டு முறுக்கிக்கொள்ள வேண்டும். அந்த முறுக்கலுக்கு ரப்பர்தான் நன்றாக இடம் கொடுக்கும். எல்லாப் புஷ்களையும் ரப்பரிலேயே, கண்ணுக்கும் ஷேக்கிளுக்கும் சேர்த்து மாற்றுங்கள். யு போல்ட்டுகளும் புதியனவாக இருக்கட்டும்; குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி, கையேட்டில் உள்ள டார்க் (திருகு விசை) அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள்.

கண் போல்ட்டையும் ஷேக்கிள் நட்டுகளையும் வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுதாக இறுக்கக் கூடாது. சக்கரங்கள் தரையில் பட்டு, வண்டி தன் எடையில் அமர்ந்த பின்புதான் இறுக்க வேண்டும்; தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு யு போல்ட்டுகளை ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். பிறகு அந்த இரு தூரங்களையும் மீண்டும் அளந்து, அவை சமமாக இருந்தால் மட்டும் அலைன்மென்ட்டுக்கு வண்டியைக் கொண்டுபோங்கள்.