45 நாள்னு சொன்ன வேலை 68 நாள் இழுத்துடுச்சு, என் கணக்குல எங்க ஓட்டை?

பாயான்லெப்பாஸ்_பையன்
வணக்கம். பினாங்குல சின்ன ரேனோவேஷன் கம்பெனி, ஷெட்யூல் போடறது என் வேலை. பாயான் லெப்பாஸ்ல ஒரு ஆபீஸ், சீலிங், வயரிங், ஏர்கோன், தரைன்னு 9 வேலை, ஒன்னு முடிஞ்சாதான் அடுத்தது. சப்கோன் (வேலையை பிரிச்சு எடுத்து செய்யற கான்ட்ராக்டர்) ஒவ்வொருத்தர்கிட்டயும் மூணு நம்பர் கேட்டேன், நல்லா போனா 3 நாள், வழக்கமா 5, சொதப்புனா 13, முன்ன பின்ன எல்லாருமே இதையேதான் சொன்னாங்க. பாஸ் அஞ்சை ஒன்பதால பெருக்கி 45 நாள்னு கஸ்டமர்கிட்ட சொல்லிட்டாரு. நான் பெர்ட் (மூணு நம்பரையும் வச்சு சராசரி நாள் கண்டுபிடிக்கற முறை) போட்டேன், (3 + 4×5 + 13) ÷ 6 = 6, ஆக 54 நாள். சிக்மா, அதாவது சராசரிலேர்ந்து எவ்வளவு விலகும்ங்கற அளவு, (13−3) ÷ 6 = 1.67, ரூட் 9 போட்டு பெருக்குனா 5. 54 கூட ரெண்டு சிக்மா சேத்தா 64. 64 நாளை தாண்டுறது நூத்துல ரெண்டு சான்ஸ்தான்னு மார்தட்டி சொன்னேன். முடிஞ்சது 68ல. அது ஆயிரத்துல மூணு! எனக்குதான் நேரம் சரியில்லையா, இல்ல கணக்கே தப்பா?

ரொட்டிசானாய்_ரெண்டு
முதல்ல உங்க பாஸ் கணக்கு. உங்க நம்பரை வச்சே பாத்தாலும் 45க்குள்ள முடியறது நூத்துல நாலு கூட தேறாது. 5 நாள் வேலை குறைஞ்சா ரெண்டு நாள் குறையும், ஏறுனா எட்டு நாள் ஏறும், வால் ஒரு பக்கம்தான் நீளுது லா. "வழக்கமா"வை மட்டும் கூட்டிக்கிட்டே போனா அந்த வாலெல்லாம் எங்க போகும்?

ஸ்டாட்ஸ்_அக்கா
தம்பி, ரூட் 9 போட்டீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. ஒரு வேலை லேட்டானா இன்னொன்னு சீக்கிரம் முடிஞ்சு சமன் ஆகும், ஒன்னுக்கொன்னு சம்பந்தமே இல்லன்னு நெனச்சாதான் ரூட் போடலாம். அந்த 68 நாளுக்குள்ள எல்லாரையும் ஒரே நேரத்துல அடிச்ச விஷயம் ஏதாவது இருந்துச்சா?

பாயான்லெப்பாஸ்_பையன்
ஹரி ராயா பெருநாள் வந்துச்சு அக்கா. ஆளுங்க எல்லாம் கம்போங் (சொந்த ஊர்) போய்ட்டாங்க, சீலிங் போர்டு ஏத்துன லோரியும் பட்டர்வொர்த்துலயே கெடந்துச்சு.

ஸ்டாட்ஸ்_அக்கா
அப்போ எல்லாம் ஒரே கயித்துல கட்டுனதுதான். ஒன்பதும் சேந்தே ஏறி சேந்தே இறங்கும்னா சிக்மா ரூட் போடாம 9 × 1.67 = 15. 68ங்கறது 54க்கு மேல 14 நாள், ஒரு சிக்மா கூட வரல, நூத்துல 18 தடவை நடக்கும். நெசம் ரெண்டுக்கும் நடுவுல எங்கயாவது இருக்கும், ஆனா ஆயிரத்துல மூணு கண்டிப்பா இல்ல.

இன்னொன்னு, அந்த 13. பெர்ட் 1958ல அமெரிக்க கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக வந்தது, ஆறால வகுக்கறதுக்கு அர்த்தம் 3லேர்ந்து 13 வரைக்கும் ஆறு சிக்மா அடங்கிடும்ங்கறது. சப்கோன் சொன்ன 13 பத்துல ஒரு தடவை தாண்டுற நம்பரா இருந்தா, 3ம் அதே மாதிரி இருந்தா, நடுவுல 2.56 சிக்மாதான் அடங்கும், அதனால 6க்கு பதிலா 2.56ஆல வகுக்கணும், ஒரு வேலைக்கே சிக்மா 3.9 ஆயிடும். மனுஷன் மோசமானதை கூட நல்லவிதமாதான் யோசிப்பான். புயெலர், கிரிஃபின், ராஸ் 1994ல வெளியிட்ட ஆராய்ச்சில சைக்காலஜி மாணவர்கள்கிட்ட தீஸிஸ் எப்ப முடிப்பீங்கன்னு கேட்டாங்க, சராசரி 33.9 நாள் சொன்னாங்க, எல்லாமே சொதப்புனா 48.6 நாள்னாங்க, முடிச்சது 55.5 நாள்ல.

சைட்_அண்ணன்
அக்கா சொல்றது சரி, ஆனா புத்தகத்துல இல்லாதது ஒன்னு சொல்றேன். சீலிங் 3 நாள்ல முடிஞ்சாலும் வயரிங்காரன் ஆறாம் நாள்தான் வருவான், அதுவரைக்கும் வேற சைட்ல இருப்பான். லேட்டு மட்டும் அப்படியே அடுத்த ஆளு தலைல ஏறும், சீக்கிரம் முடிச்சது காத்துல போயிடும். உன் ஃபார்முலால இருக்கற 3ங்கற நம்பருக்கு சைட்ல மதிப்பே இல்ல தம்பி.

ஸ்டாட்ஸ்_அக்கா
அண்ணன் சொன்னதும் சரிதான். அதனால சப்கோன்கிட்ட கேக்கறதை கொஞ்சம் ஒதுக்கி வைங்க. பழைய வேலைங்க ஒவ்வொன்னுலயும் முடிஞ்ச நாளை, ஆரம்பத்துல சொன்ன நாளால வகுங்க. தனித்தனி வேலையா வேணாம், முழு ப்ராஜெக்ட்டா எடுங்க, அப்பதான் ராயா, லோரி எல்லாம் உள்ளயே அடங்கும்.

பாயான்லெப்பாஸ்_பையன்
வாட்ஸ்அப் குரூப்பை ரெண்டு ராத்திரி தோண்டுனேன், ஆறு ப்ராஜெக்ட் கெடைச்சுது. 1.1, 1.2, 1.3, 1.3, 1.5, 1.7. ஒன்னுக்கு கீழ ஒன்னு கூட இல்ல, அசிங்கமா இருக்கு. ஜனவரில ஆரம்பிக்கற புது வேலைக்கு பாஸ் 40 நாள்ங்கறாரு. 1.5ஆல பெருக்கி 60னு சொன்னா ஆறுல அஞ்சு தடவை பிடிச்சிருக்கும், சரியா?

சைட்_அண்ணன்
ஜனவரியா? சைனீஸ் நியூ இயர் நடுவுல வந்து உக்காரும். அந்த ஆறுல பெருநாள் மாட்டுனது எது எது?

பாயான்லெப்பாஸ்_பையன்
1.5ம் 1.7ம்தான் அண்ணே. ஒன்னு இந்த ராயா, இன்னொன்னு சைனீஸ் நியூ இயர்.

ஸ்டாட்ஸ்_அக்கா
அப்போ மத்த நாலையும் தூக்கி போடுங்க, அதெல்லாம் வேற மாதிரி வேலை. 60க்கும் 68க்கும் நடுவுல பேசுங்க. ரெண்டே ரெண்டு கேஸ்தான், அதனால நான்னா 68 பக்கம்தான் சாய்வேன்.

பாயான்லெப்பாஸ்_பையன்
68னு எழுதிட்டேன், நாளைக்கு காலைல பாஸ்கிட்ட காட்டணும். தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை போக நானே மூணு நாள் லீவு கேட்டு வச்சிருக்கேன், அதை மட்டும் இன்னும் அவர்கிட்ட சொல்லல 😅