பழைய சிட்டி அலாய் வீலைப் புதிய ஸ்விஃப்ட்டில் மாட்டினேன். 80-ஐத் தொட்டால் ஸ்டியரிங் உதறுகிறது

கோபி ஸ்விஃப்ட்:
வணக்கம். என்னுடையது 2019 மாடல் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ. இரும்பு ரிம், 165/80 ஆர்14 டயர். சித்தப்பா தம் பழைய ஹோண்டா சிட்டியைக் கழித்துக்கட்டியபோது, அதிலிருந்த 14 அங்குலக் கம்பெனி அலாய் நான்கையும் 175/65 டயரோடு வாங்கிக்கொண்டேன். இரண்டுக்கும் பி.சி.டி. (நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் அளவு) 4x100, அதாவது 100 மி.மீ. வட்டத்தில் நான்கு துளைகள் என்று உறுதி செய்துகொண்டுதான் மாட்டினேன். ஸ்விஃப்ட்டின் நட்டுகளே ஏறிவிட்டன. ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. பெருந்துறையில் சேலம்–கொச்சி நெடுஞ்சாலை ஏறி 80-ஐத் தொட்டால் ஸ்டியரிங் உதறுகிறது. பேலன்சிங், அலைன்மெண்ட் இரண்டும் பார்த்தாயிற்று. அடுத்த வாரம் குடும்பத்தோடு பண்ணாரி கும்பிட்டுவிட்டு, திம்பம் ஏறி ஆசனூர் போக வேண்டும். போகலாமா?

அவிநாசி ரோடு:
டயர் எந்த வருடத்தது தம்பி? பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2214 என்றால் 2014-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம். கழித்த காரின் டயர் என்றால் கல்லாகியிருக்கும், அதுதான் உதறும்.

கணபதி லேத்:
டயர் பழசாகவும் இருக்கலாம். ஆனால் முதல் சந்தேகம் அங்கே இல்லை. பி.சி.டி. ஒன்றாக இருந்தால் வீல் உள்ளே போகும், அவ்வளவுதான். ஹோண்டா வீலின் நடுத்துளை 56.1 மி.மீ., அந்தத் துளைக்குள் நுழையும் ஸ்விஃப்ட்டின் அச்சு முனை, அதாவது ஹப், 54.1. வீல் ஹப்பில் உட்காரவே இல்லை. நான்கு நட்டுகளை நம்பித் தொங்குகிறது.

அந்த நட்டுகளும் சரியில்லை என்பதுதான் எனக்குக் கவலை. ஸ்விஃப்ட் நட்டின் அடிப்பாகம் கூம்பு. ஹோண்டா கம்பெனி அலாயில் நட்டு உட்காரும் குழி உருண்டை. உருண்டைக் குழியில் கூம்பை இறுக்கினால் ஒரு மெல்லிய கோட்டில்தான் பிடிக்கும்; வீல் மையத்துக்கும் வராது, ஓட ஓட நட்டு இளகும். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள் தம்பி. இதோடு ஏறாதீர்கள்.

ஒரு நட்டைக் கழற்றிக் குழியைப் பாருங்கள். வட்டமாக ஒரே ஒரு கோடு மட்டும் பளபளத்தால் நான் சொன்னதுதான். பிறகு முன்பக்கம் மட்டும் இரும்பு ரிம்மை மாட்டி அதே சாலையில் ஓட்டுங்கள்.

கோபி ஸ்விஃப்ட்:
பார்த்தேன் அண்ணா. நான்கு வீலிலும் அதே பளபளக்கும் கோடு. ஒரு நட்டு கையாலேயே கால் சுற்று திரும்பியது. இரும்பு ரிம்மில் 100 வரை போனேன், உதறல் இல்லை. சிட்டியின் நட்டுகளையே வாங்கிவிட்டால் சரியாகுமா? நடுத்துளைக்கும் ஹப்புக்கும் உள்ள இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் உங்கள் பட்டறையில் கடைந்து தருவீர்களா?

கணபதி லேத்:
சிட்டி நட்டு ஏறாது. ஹோண்டா மரையின் இடைவெளி 1.5 மி.மீ., சுசுகி போல்ட்டின் மரை 1.25. முரட்டுத்தனமாகத் திருகினால் போல்ட்டின் மரை போய்விடும். 12 மி.மீ., 1.25 மரை, உருண்டை அடி என மூன்றும் சேர்ந்த நட்டு வேண்டும்; அது எல்லாக் கடையிலும் இருக்காது.

ரிங் கடையலாம். 56.1-க்கும் 54.1-க்கும் நடுவே சுவர் 1 மி.மீ.தான், அளவு பார்த்துத் தயாராக விற்பதை வாங்குவதே மேல்.

பொள்ளாச்சி:
1 மி.மீ. ரிங் ஒரு காரின் பாரத்தைத் தாங்குமா?

கணபதி லேத்:
அது பாரம் தாங்குவதற்கு இல்லை. மாட்டும்போது வீலை மையத்தில் நிறுத்தும், அதோடு அதன் வேலை முடிந்தது. பாரம் நட்டின் இறுக்கத்தில் நிற்கிறது. அதனால்தான் நட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன். அலாயின் குழியைக் கூம்பாகக் கடைந்து தரச் சொல்லி என்னிடமும் வருகிறார்கள். நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அவிநாசி ரோடு:
டயர் அளவையும் யாரும் கவனிக்கவில்லையே. 165/80 ஆர்14 விட்டம் ஏறக்குறைய 620 மி.மீ., 175/65 ஆர்14 583. கார் 18 மி.மீ. இறங்கியிருக்கும், மீட்டர் ஆறு சதவீதம் கூட்டிக் காட்டும். தம்பி பார்த்த 80 உண்மையில் ஏறக்குறைய 75தான் இருந்திருக்கும். 2005-இல் வந்த முதல் ஸ்விஃப்ட்டின் கம்பெனி அலாயைத் தேடுங்கள்: அதே 4x100, அதே 54.1, அதே நட்டு. 185/70 ஆர்14 போட்டால் 615 மி.மீ. வரும்.

கோபி ஸ்விஃப்ட்:
அப்படி ஒரு செட் கோவையில் கிடைத்தது. ஒன்றில் லேசான நெளிவு. அதை ஒதுக்கிவிட்டு மூன்றோடு வேறொரு கடையில் ஒன்று சேர்த்தேன். டயர் புதிது. ரிங் எதுவும் இல்லாமல் ஹப்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. பெருந்துறையிலிருந்து அவிநாசி வரை ஓட்டிப் பார்த்தேன், உதறல் இல்லை. வந்ததும் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பார்த்தேன், எதுவும் இளகவில்லை. ஸ்டெப்னி பழைய இரும்பு ரிம்தான், அதற்கும் இதே நட்டு போதும். ஞாயிற்றுக்கிழமை ஆசனூர் போகிறோம்.

தாராபுரம்:
சிட்டி அலாய் நான்கும் விற்பனைக்கா? என்னிடம் இருப்பது பழைய சிட்டிதான். டயர் வேண்டாம், வீல் மட்டும் என்ன விலை?