முகப்புப் பலகையில் 'வாஸ் பில்ட்' போடலாமா?

வளவுவீட்டுக்காரர்:
கானாடுகாத்தானில் எங்க பழைய செட்டிநாட்டு வீட்டைப் பார்க்க வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க. முகப்பில் ஆங்கிலப் பலகை வைக்கணும். 'மை கிரேட் கிராண்ட்ஃபாதர் பில்ட் திஸ் ஹவுஸ்'னு நான் எழுதினேன். மக அதை அடிச்சுட்டு 'திஸ் ஹவுஸ் வாஸ் பில்ட்'னு தொடங்கி, பலகை முழுக்க வாஸ், வேர்னே நிரப்பிட்டா. கடைசி வரி 'மெனி வெட்டிங்ஸ் வேர் ஹேப்பண்ட் ஹியர்'. எது சரி?

இங்கிலீஷ் வாத்தியார் (ஓய்வு):
மகள் பக்கம்தான் நான். வந்தவர் பார்ப்பது வீட்டை. உங்க பாட்டையாவை அவருக்குத் தெரியாது. வாக்கியமும் வீட்டிலிருந்தே தொடங்கட்டும். வாஸ் அல்லது வேர், கூட வினையின் மூன்றாம் வடிவம். 'தி டீக் வாஸ் பிராட் ஃப்ரம் பர்மா', 'தி டைல்ஸ் வேர் மேட் இன் ஆத்தங்குடி'. ஆண்டைக் குறிப்பிட்டால் 'ஹேஸ் பீன் பில்ட்' கூடாது, 'வாஸ் பில்ட்'தான்.
கடைசி வரி மட்டும் தப்பு. 'ஹேப்பன்' செயப்படுபொருள் இல்லாத வினை, அதற்குச் செயப்பாட்டு வடிவமே கிடையாது. 'வேர் ஹெல்ட்' என்று மாற்றுங்க.

கைடு தம்பி:
சார், தப்பா நினைக்காதீங்க. 'வாஸ் பில்ட்'னு நான் வாயெடுத்ததும் வர்ற கேள்வி 'பை ஹூம்?'தான். பர்மாவுக்குக் கடல் தாண்டிப் போய் லேவாதேவி பண்ணிச் சேர்த்த பணம் சார் இது. ஆளையே தூக்கிட்டா வீடு தானா முளைச்ச மாதிரி இருக்கு.

இங்கிலீஷ் வாத்தியார்:
'பை' எதுக்கு இருக்கு தம்பி? நம்ம காரைக்குடி சிக்ரியையே, அதான் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தையே, எடுத்துக்க. 'தி ஃபவுண்டேஷன் ஸ்டோன் வாஸ் லெய்ட் பை ஜவஹர்லால் நேரு இன் 1948.' ஆள் முக்கியம், அதனால் 'பை'. 'அழகப்பா காலேஜ் வாஸ் ஃபவுண்டட் இன் 1947'க்கு அது தேவையில்லை, பேரிலேயே ஆள் இருக்கார்.

தேவகோட்டை ஆச்சி:
'பை' போட்டாலும் செட்டியார் பேருதானே வரும்? முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்பைச் சுவர்ல கண்ணாடி மாதிரி இழைச்ச கொத்தனார் எங்கே போனார்? ஆத்தங்குடித் தரைக்கல்லைச் சூளையில சுடுறதில்லை. கண்ணாடி மேல அச்சை வச்சு, கலர் சிமெண்டைக் கையால ஊத்தி, மேல மணலும் சிமெண்டும் போட்டு, அப்புறம் தண்ணித்தொட்டியில ஊற வைக்கிறாங்க. வெறுமனே 'வேர் மேட்'னா மெஷின்ல வந்ததுன்னு நினைச்சுக்கிட்டுப் போயிடுவாங்க.

இங்கிலீஷ் வாத்தியார்:
ஆச்சி, செய்தவர் பேர் தெரியாத இடத்துக்குன்னே உள்ள அமைப்பு இது.

தேவகோட்டை ஆச்சி:
பேர் தெரியாட்டித் தொழில் தெரியுமில்ல? 'மேசன்ஸ் பாலிஷ்ட் தீஸ் வால்ஸ் பை ஹேண்ட்.' எழுத என்ன தடை?

இங்கிலீஷ் வாத்தியார்:
தடையில்லை. ஆனா ஒரு வரி வீட்டைச் சொல்லி, அடுத்த வரி கொத்தனாருக்குத் தாவினா படிக்கிறவன் தடுமாறுவான். 'தி வால்ஸ் வேர் பாலிஷ்ட் பை லோக்கல் மேசன்ஸ்'னு போட்டா ரெண்டும் வந்திடுது.

கைடு தம்பி:
எட்டு வரியும் 'வாஸ், வேர்'னு போனா பத்திரம் படிக்கிற மாதிரி இருக்கு சார். ரெண்டாவது வரியிலேயே கேமராவை எடுத்துடுறாங்க.

வளவுவீட்டுக்காரர்:
முதல் வரி 'வாஸ் பில்ட் பை' போட்டு பாட்டையா பேர். தேக்கு வரியும் மக எழுதினபடியே. கல்லுக்கும் சுவருக்கும் ஆச்சி சொன்னது. மக இன்னும் ஒத்துக்கலை.

இங்கிலீஷ் வாத்தியார்:
நானும்தான்.