2015 கோல்ஃப் 7: சாதா குரூஸை ஏசிசி ஆக மாத்தலாமோ?

நெக்கார்கரை:

வணக்கம் எல்லாருக்கும். கார் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 7, 2015 ஆம் ஆண்டு, 1.4 டிஎஸ்ஐ, டிஎஸ்ஜி (தானா மாறுற) கியர். ஓடுறது ஸ்டுட்கார்ட் பக்கம். ஸ்டியரிங்கில சாதா குரூஸ் (வேகத்தை ஒரே அளவில வைக்கிற) பட்டன் இருக்குது, ஒழுங்கா வேலை செய்யுது. முன்னால போற வாகனத்தைப் பாத்து வேகத்தைக் குறைச்சுக் கூட்டிற ஏசிசிதான் இல்லை. ஏ8 ஆட்டோபானில தினமும் போய்வாற ஆக்களுக்கு அதின்ரை அருமை தெரியும்.

இணையத்தில பழைய ரேடார் சென்சார் மலிவாக் கிடக்குது. "வாங்கிப் பூட்டி, கோடிங் (கார்க் கணினியின்ரை அமைப்பை மாத்திறது) அடிச்சாச் சரி" எண்டு விக்கிறவை சொல்லுகினம். அது உண்மையோ? ரேடாரை விட வேறென்ன சாமான் வேணும்? ஏபிஎஸ் யூனிட்டையும் மாத்த வேண்டி வருமோ? ரேடாரை நேர்ப்படுத்திற வேலையை வீட்டில செய்யேலுமோ? வயறிங் எனக்குப் பழக்கம், கார்க் கணினிகளை வாசிக்கிற விசிடிஎஸ் கேபிளும் இருக்குது.

கேன்_கம்பி:

வணக்கம். ரேடாரைப் பூட்டுவது இந்த வேலையில் சுலபமான பகுதி. காரை நிறுத்துவது ரேடார் இல்லை, ஏபிஎஸ். ரேடார் முன் வண்டியின் தூரத்தையும் வேக வித்தியாசத்தையும் அளந்து, எவ்வளவு வேகம் குறைய வேண்டும் என்று கேன் (காரின் கணினிப் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கம்பி ஜோடி) வழியாகக் கேட்கும். இழுவையைக் குறைப்பது இன்ஜின் ஈசியூ (இன்ஜின் கணினி), பிரேக் அழுத்தம் கொடுப்பது ஏபிஎஸ் பம்ப். இந்த இரண்டும் கோரிக்கையை ஏற்காவிட்டால் முன்னால் பூட்டியது வெறும் டப்பா. அதனால்தான் ரேடாரை முதலில் வாங்கக் கூடாது.

காசு செலவழிக்கும் முன் செய்ய வேண்டியது: காரில் ரேடார் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்க. ஏசிசி இல்லாமல் ஃப்ரன்ட் அசிஸ்ட் (முன் மோதல் எச்சரிக்கை) மட்டும் இருக்கும் கோல்ஃப் 7 நிறைய உண்டு. அதே ரேடார்தான் இரண்டுக்கும். முன் பம்பரின் கீழ் கிரில்லில், நடுவில் வழவழப்பான சதுர பிளாஸ்டிக் தகடு தெரிந்தால் பின்னால் சென்சார் இருக்க வாய்ப்பு அதிகம். உறுதி செய்ய விசிடிஎஸ்ஸில் ஆட்டோ ஸ்கேன் ஓட்டுங்க. ஒவ்வொரு கணினிப் பெட்டிக்கும் ஒரு முகவரி எண் உண்டு; 13-ஆம் முகவரி பதில் சொன்னால் ரேடார் இருக்கு. டிக்கியில் ஸ்பேர் டயர் குழிக்குள் ஒட்டியிருக்கும் காகிதத்தில் 8டி என்று தொடங்குவது குரூஸின் வகை, 6கே என்று தொடங்குவது முன் கண்காணிப்பு. ரேடார் இருந்துவிட்டால் உங்களுக்கு வேண்டியது இடது பக்க ஸ்டியரிங் பட்டன் தொகுதியும் கோடிங்கும் மட்டுமே. நேர்ப்படுத்தும் வேலையை ஃபாக்டரியிலேயே செய்திருப்பார்கள்.

இல்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஏபிஎஸ். 03-ஆம் முகவரியைத் திறந்து பார்ட் நம்பரையும் மென்பொருள் பதிப்பையும் எழுதிக்கொள்ளுங்க. 5கியூ0 614 517 என்று தொடங்கும், கடைசி எழுத்துகள்தான் முக்கியம். அதே எழுத்துகளோடு ஏசிசி வைத்த கார் வெளியே வந்திருக்கிறதா என்று பாகப் பட்டியலில் தேடுங்க. வந்திருந்தால் கோடிங்கில் திறந்துவிடலாம். வரவில்லை என்றால் கோடிங்கை ஏற்காது, அல்லது ஏற்ற மாதிரி காட்டிவிட்டு அடுத்த ஸ்டார்ட்டில் ஈஎஸ்சி (சறுக்கல் தடுப்பு) விளக்கை எரியவிடும். அப்போது ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும்: பிரேக் ஆயில் குழாய்களைக் கழற்றி, காற்று எடுத்து, ஸ்டியரிங் கோண சென்சார் உட்பட எல்லா அடிப்படை அமைப்பையும் மறுபடி செய்து. நிலைமை அதுவரை போனால் திட்டத்தையே விட்டுவிடுங்க என்பதுதான் என் கருத்து. ஒரு வசதிக்காக, நன்றாக இருக்கும் பிரேக் அமைப்பைப் பிரிக்க வேண்டாம்.

ஏபிஎஸ் கோடிங்கில் கை வைக்கும் முன் பழைய கோடிங் முழுவதையும் எழுத்தாகவே சேமித்து வையுங்க. ஏசிசி உள்ள வேறொரு காரின் நீளமான கோடிங்கை அப்படியே எடுத்து ஒட்டச் சொல்லி நிறைய பேர் சொல்வார்கள். கூடவே கூடாது. அந்த எண் வரிசைக்குள் இன்ஜின், அச்சு, பிரேக் அளவு எல்லாம் அடங்கியிருக்கு. வேறு டிஸ்க் அளவுள்ள காரின் கோடிங் உங்கள் காரில் விளக்கு எரியாமலே ஓடும், அவசர பிரேக்கில்தான் வித்தியாசம் தெரியும்.

வயரிங்: மின்சாரம் இக்னிஷனில் வரும் 15-ஆம் முனையிலிருந்து, 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக. ரேடார் இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. கம்பி 0.5 சதுர மி.மீ. போதும். எர்த்தை பாடியில் ஏற்கெனவே இருக்கும் எர்த் போல்ட்டுக்குக் கொடுங்க, வேறு வயரில் கிள்ளி எடுக்க வேண்டாம். கேனுக்கு 0.35 சதுர மி.மீ. முறுக்கிய ஜோடி, பெடலுக்கு மேலே ஸ்டியரிங் தண்டுக்குக் கீழே இருக்கும் கேட்வே (கேன்களை இணைக்கும் பெட்டி) வரை. காரில் உள்ள பல கேன்களில் இது எக்ஸ்டெண்டட் கேனில் சேர வேண்டும். டிரைவ் கேனில் சேர்த்தால் கேட்வே 13-ஐப் பார்க்கவே பார்க்காது. கேன் ஜோடியில் ஒன்று லோ, மற்றது ஹை. ஆரஞ்சும் பழுப்பும் கலந்த கம்பி எல்லா கேனிலும் லோ, அதை வைத்து ஹையோடு மாறிப்போகாமல் பார்த்துக்கொள்ளலாம். பின் எண்களை யாரும் எழுதியதை நம்பி ஏற்ற வேண்டாம். கேட்வே வகைக்கு வகை மாறும். ஃபோக்ஸ்வாகனின் ஏர்வின் தளத்தில் மணிநேரக் கட்டணம் கட்டினால் உங்கள் காருக்குரிய வயரிங் வரைபடம் கிடைக்கும்.

முறுக்கு அவிழ்ந்த நீளம் கனெக்டர் பக்கம் 5 செ.மீ.-க்கு மேல் போகக் கூடாது. வெயிலில் நின்ற பிறகோ மழையிலோ மட்டும் வந்து போகும் பிழைகளுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், இல்லாவிட்டால் பம்பருக்குள் சரியாக மூடாத கனெக்டர் ரப்பர்.

கோடிங் வரிசை: பேட்டரிக்கு சார்ஜர் மாட்டிவிட்டு, 19-இல் (கேட்வே) நிறுவல் பட்டியலில் 13-ஐ டிக் செய்யுங்க. பிறகு 13, அதன் பின் 01 இன்ஜின், 03 ஏபிஎஸ், 16 ஸ்டியரிங், 17 மீட்டர். கடைசியில் எல்லா பிழையையும் அழித்து மறுபடி ஸ்கேன். 13-இல் "வேறு கண்ட்ரோல் யூனிட்டிலிருந்து தவறான தகவல்" என்ற வகைப் பிழை நின்றால் ரேடாரைக் குறை சொல்லாதீங்க. 01, 03, 16 மூன்றில் ஒன்று ஏசிசியை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

நேர்கோடு:

தம்பி, கேன்_கம்பி வயறிங்கைப் பற்றி வடிவா எழுதிப்போட்டார். நேர்ப்படுத்திறதைப் பற்றி நான் சொல்லுறன். அதை வீட்டில செய்யேலாது. ஏன் எண்டு கணக்காப் பாருங்கோ. ரேடார் ஒரு டிகிரி திரும்பி இருந்தா 100 மீற்றரில 1.75 மீற்றர் விலகல். ஆட்டோபான் லேன் ஒண்டு 3.75 மீற்றர் வரைதான் அகலம். அப்ப ஒரு டிகிரி பிழையே பாதி லேன். பக்கத்து லேனில போற லொறிக்கு உங்கடை கார் பிரேக் அடிக்கும், இல்லாட்டி முன்னால நிக்கிறதைப் பிந்திக் காணும். ரெண்டும் 120-இல நடந்தா விளையாட்டில்லை.

சென்சார் பிராக்கெட்டில ரெண்டு திருகாணி இருக்கும். ஒண்டு மேலும் கீழும், மற்றது இடமும் வலமும். மூண்டாவது பிடி அசையாது. வேர்க்ஷொப்பில காரை அலைன்மென்ட் மேசையில ஏத்தி, பின் சில்லுகள் காட்டுற ஓட்டக் கோட்டை எடுத்து, விஏஎஸ் 6430 எண்ட ரேடார் நேர்ப்படுத்திற சட்டத்தை அந்தக் கோட்டுக்கு நேராக நிப்பாட்டுவினம். கவனியுங்கோ, காரின்ரை பொடிக்கு நேராக இல்லை, பின் அச்சு தள்ளுற திசைக்கு நேராக. பிறகு ஓடிஸ் (ஃபோக்ஸ்வாகனின்ரை சோதனை மென்பொருள்) சொல்லுற அளவுக்குத் திருகாணியைத் திருப்பிறது. ஃபோக்ஸ்வாகன் முகவரிட்டைதான் போகவேணும் எண்டில்லை. ஹெல்லா குட்மன், பொஷ் சாமான் வைச்சிருக்கிற தனி வேர்க்ஷொப்புகளும் செய்யும். ஆனா போன் எடுத்து, "ஃபாக்டரியில பூட்டாத, பின்னால போட்ட ரேடார்" எண்டு முதலே சொல்லுங்கோ. சில இடத்தில தொடமாட்டினம். அது தெரியாமல் சாமான் வாங்கினா வேலை நடுவில நிண்டுபோம்.

பழைய ரேடார் வாங்கிறது எண்டா, பின்னால அடிபட்ட காரிலயிருந்து கழட்டினதைத் தேடுங்கோ. ரேடார் பம்பருக்குப் பின்னால கிடக்கிற சாமான், முன்னால அடிபட்ட காரில பிராக்கெட் ஒரு மில்லிமீற்றர் வளைஞ்சாலும் திருகாணி முழுக்கத் திருப்பியும் நேருக்கு வராது. சென்சாரைத் தனிய வாங்காமல் பிராக்கெட், கனெக்டரோட ஒரு சாண் வயர், ஜன்னல் வைச்ச கீழ் கிரில் எல்லாம் ஒரே காரிலயிருந்து எடுங்கோ. 2017-இல வந்த மாற்றின மொடலில ரேடார் முன் சின்னத்துக்குப் பின்னால போயிட்டுது. அதின்ரை பிராக்கெட்டும் கிரில்லும் உங்கடை காருக்குச் சரிவராது.

நெக்கார்கரை:

ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. ஸ்கேன் எடுத்துப் பாத்தன், 13 இல்லை. அப்ப முழு வேலைதான். ஏபிஎஸ் நம்பரை இந்தக் கிழமை தேடுறன். இன்னும் ரெண்டு விசயம்: காரை 30 மி.மீ. பதிக்கிற ஸ்பிரிங் போடுற யோசனையும் இருக்குது, அது ரேடாருக்கு இடைஞ்சலோ? மற்றது, தானா ஓட்ட உதவுற ஓப்பன்பைலட் எண்ட பெட்டியை மாட்டினா இதெல்லாம் தேவையில்லை எண்டு ஒருத்தர் சொன்னார்.

கேன்_கம்பி:

ஓப்பன்பைலட் இந்த வகை ஃபோக்ஸ்வாகன்களில் ஃபாக்டரி ஏசிசியும் லேன் அசிஸ்ட்டும் இருந்தால்தான் ஓடும். இல்லாத ஏசிசியை அது உண்டாக்காது. ஆக்சிலரேட்டர் பெடல் கனெக்டரில் மட்டும் மாட்டும் பொதுவான கிட்டுகளும் விற்கிறார்கள். பிரேக்கைத் தொட அவற்றுக்கு வழியே இல்லை, கால் எடுத்த மாதிரி வேகம் குறையும், அவ்வளவுதான். இறக்கத்தில் அது ஏசிசியே ஆகாது.

நேர்கோடு:

ஸ்பிரிங் போடுறது எண்டா முதல் போடுங்கோ. அதுக்குப் பிறகு நூறு இருநூறு கிலோமீற்றர் ஓடி ஸ்பிரிங்கைத் தன்ரை இடத்தில அமர விட்டு, சில்லு அலைன்மென்ட் செய்து, கடைசியா ரேடார். முன்னும் பின்னும் ஒரே அளவு பதியாட்டி ரேடார் நிலத்தைப் பாக்கும், இல்லாட்டி வானத்தைப் பாக்கும். ரேடார் நேர்ப்படுத்தினதுக்குப் பிறகு பின் சில்லு டோவைத் (சில்லு உள்ளே வெளியே திரும்பி நிக்கிற கோணம்) தொட்டாலும் திரும்பச் செய்யோணும், ஓட்டக் கோடு மாறியிடும்.

விதிமுறை_வாசகன்:

ஜெர்மனியில் ஓட்டுவதால் இதையும் சேர்க்கிறேன். வாகன அனுமதிச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி, சாலையில் மற்றவர்களுக்கு ஆபத்து வரக்கூடும் என்று எதிர்பார்க்கத்தக்க மாற்றம் செய்தால் காரின் இயக்க அனுமதியே போய்விடும். பிரேக்குக்குக் கட்டளை கொடுக்கும் கருவி அந்தப் பேச்சுக்குள் வரும். எனவே பூட்டும் முன்பே டியூஃப் அல்லது டெக்ரா (வாகனச் சோதனை நிறுவனங்கள்) பரிசோதகரிடம் பாகங்களின் பட்டியலைக் காட்டிக் கேளுங்கள். அதே மாடலுக்கு ஃபாக்டரி கொடுத்த பாகங்களே எல்லாம் என்று காட்ட முடிந்தால் பேச்சு எளிதாகும், அதனால் பார்ட் நம்பர் ஒட்டிய படங்களையும் நேர்ப்படுத்திய அறிக்கையையும் கோப்பில் வையுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். 2015 ஜூலை முதல் இரண்டாண்டுச் சோதனையில் காரின் கனெக்டரில் அடாப்டர் மாட்டியும் பார்க்கிறார்கள். ஏபிஎஸ்ஸில் பிழை நிலுவையில் இருந்தால் அங்கேயே தெரியும்.

ஓட்டிப் பார்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பிரேக் விளக்கு. ஏசிசி தானாக பிரேக் பிடிக்கும்போது பின் விளக்குகள் எரிகின்றனவா என்று பின்னால் வரும் இன்னொரு காரிலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கோடிங் அரைகுறையாக இருந்தால் கார் வேகம் குறையும், விளக்கு எரியாது. இருட்டு ஆட்டோபானில் அதைவிட மோசமான குறை வேறில்லை. அடுத்து, பெடலைத் தொட்ட உடனே ஏசிசி விடுகிறதா என்பது.

டிஎஸ்ஜி என்பதால் முன் வண்டி நிற்கும்வரை பின்தொடர்ந்து நிற்கும். கையால் கியர் மாற்றும் கார் என்றால் மணிக்கு 30 கி.மீ.-க்குக் கீழே விட்டுவிடும். ஏசிசி முறைக்கென்றே ஐஎஸ்ஓ 15622 தரம் உண்டு. நெடுஞ்சாலை வேகத்தில் ஏசிசி கேட்கக்கூடிய வேகக்குறைப்பை, ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு 3.5 மீட்டர் குறையும் அளவோடு அந்தத் தரம் நிறுத்துகிறது, முழு பிரேக்கின் பாதியைக்கூட எட்டாது. அதோடு, ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் வாகனங்களை இந்தத் தலைமுறை ஏசிசி இலக்காக எடுக்காது. பாலம், பலகை, தடுப்புவேலி என்று நிற்கும் எல்லாவற்றுக்கும் பிரேக் பிடிக்காமல் இருக்க அப்படி வடிகட்டியிருக்கிறார்கள். ஏ8-இல் லியோன்பெர்க் பக்கம் நெரிசலின் வால் எங்கே தொடங்கும் என்று சொல்ல முடியாது. அங்கே கால் பிரேக்கின் மேலேயே இருக்கட்டும்.

நெக்கார்கரை:

விளங்குது. ஸ்பிரிங் யோசனையை விட்டாச்சு. ஏபிஎஸ் நம்பர், பிறகு பரிசோதகர், பிறகு நேர்ப்படுத்திற இடம், கடைசியா ரேடார் எண்டு வரிசை வைச்சிருக்கிறன். கடைசியா ஒண்டு: முன் பம்பரில பழைய கீறலுக்குப் புட்டி வைச்சுப் பெயின்ற் அடிச்சிருக்குது. ரேடார் அதுக்குள்ளால பாக்குமோ?

நேர்கோடு:

உங்கடை மொடலில ரேடார் பாக்கிறது பெயின்ற் அடிக்காத கிரில் ஜன்னலுக்குள்ளால, அதால பம்பர் பெயின்ற் பிரச்சினை இல்லை. அந்த ஜன்னல் தகட்டை மட்டும் ஒருக்காலும் பெயின்ற் அடிக்காதேங்கோ, ஸ்ரிக்கரும் ஒட்டாதேங்கோ. 76 கிகாஹேர்ட்ஸ் அலைக்கு மெட்டாலிக் பெயின்ற் ஒரு படையே போதும் பார்வையைக் குறைக்க, புட்டி அதைவிடக் கூட. நம்பர் பிளேட் சட்டம் கீழ தொங்கி ஜன்னலை மறைக்குதோ எண்டும் பாருங்கோ. குளிர்காலத்தில ஈரப் பனி அதில அப்பிச்செண்டா "சென்சார் பார்வை இல்லை" எண்டு மீட்டரில வரும், துடைச்சா அழிஞ்சுபோம், அதுக்காக வேர்க்ஷொப்புக்கு ஓடவேண்டாம்.