மறு: டிஎச்சிபி லீஸ் – குத்தகை வேண்டாம், இரவல்

அனைவருக்கும் வணக்கம்.

வலையமைப்பில் சேரும் கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் முறைதான் டிஎச்சிபி; அது ஒரு முகவரியைக் குறித்த காலத்துக்குக் கொடுப்பதை லீஸ் என்கிறார்கள். பல்கலைக்கழக வலையமைப்பின் உதவிப் பக்கத்தில் இந்த லீஸ் என்பதற்குக் 'குத்தகை' என்று போடலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. 'இரவல்' என்பதே பொருந்தும்.

குத்தகை என்றதும் நிலமும் பணமும்தான் நினைவுக்கு வரும். மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் காசு கொடுத்திருக்கிறார், காய்ப்பு அவருடையது. டிஎச்சிபி வழங்கி, அதாவது முகவரி கொடுக்கும் சர்வர், யாரிடமும் காசு வாங்குவதில்லை. விடுதியில் மடிக்கணினியைத் திறந்ததும், முகவரி தருபவர் யார் என்று அது வலையமைப்பு முழுக்கக் கேட்கிறது. வழங்கி தன் கையிருப்பிலிருந்து ஓர் ஐபி முகவரியை (வலையமைப்பில் அந்தக் கருவியை அடையாளம் காட்டும் எண்ணை) எடுத்து நீட்டுகிறது. அதையே கணினி கேட்டுப் பெற, வழங்கி உறுதிசெய்கிறது. எப்போது வரை வைத்திருக்கலாம் என்ற கெடுவும் கூடவே வரும். நூலகத்தின் இரவல் பகுதியில் நடப்பது இதுதானே? புதுப்பிப்பும் அப்படியே. கெடுவில் பாதி கழிந்ததும் கணினி தானாகவே நீட்டிப்புக் கேட்கும். பதில் இல்லையென்றால், 87.5 விழுக்காடு கழிந்தபின் எந்த வழங்கியானாலும் சரி என்று பொதுவில் கேட்கும். அப்போதும் கிடைக்காமல் கெடு முடிந்தால் முகவரியை விட்டுவிட வேண்டியதுதான்.

மாணவருக்கு இது புரிய வேண்டிய இடம் விரிவுரை அரங்கு. /24 என்று குறிக்கப்படும் அளவுள்ள துணை வலையமைப்பு (பெரிய வலையமைப்பின் ஒரு பகுதி) ஒன்றில் கருவிகளுக்குத் தரக்கூடியவை 254 முகவரிகள்; அவற்றிலும் ஒன்று பொதுவாக ரௌட்டருக்குப் போய்விடும். 200 பேர் கைப்பேசியும் மடிக்கணினியுமாக வந்து உட்கார்ந்தால் போதாது. விண்டோஸ் சர்வரில் இயல்பாக அமைந்திருக்கும் கெடு 8 நாள். அதை மாற்றாமல் விட்டால், காலை வகுப்பு முடித்துப் போனவர்களின் பெயரிலேயே முகவரிகள் முடங்கிக் கிடக்கும். மதியம் வருபவருக்கு வைஃபை இணைந்ததாகக் காட்டும், இணையம் வராது. அவர் விண்டோஸ் கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், வழங்கியிடமிருந்து எதுவும் கிடைக்காமல் கணினி தானே வைத்துக்கொண்டது என்று பொருள். 'இரவல் கிடைக்கவில்லை' என்று எழுதினால் அவருக்கு உடனே விளங்கும். 'குத்தகை கிடைக்கவில்லை' என்றால் கட்டணம் பாக்கியோ என்று அலுவலகத்துக்கு ஓடுவார்.

இரவல் என்பதில் ஒரு தாழ்வு ஒலிக்கிறது என்று இங்கே சொல்லப்பட்டது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை நமக்குத் தெரியும். ஆனால் அந்த எச்சரிக்கை இங்கே தேவைப்படுகிறது. இன்று கிடைத்த முகவரியை நம்பி ஆய்வகக் கணினியில் ஒரு வலைத்தளத்தை ஓடவிட்டு, முகவரியை நண்பர்களுக்கும் கொடுத்தால், அடுத்த வாரம் அது வேறொருவரின் கைப்பேசியிடம் இருக்கலாம். அச்சுப்பொறிக்கும் வழங்கிக்கும் மாறாத 'நிலை முகவரி' கேட்டு வாங்குங்கள் என்று அடுத்த வரியிலேயே சொல்லிவிடலாம்.

கூட்டுச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன: இரவல் முகவரி, இரவல் காலம், இரவல் நீட்டிப்பு. யாருக்கு எது போயிருக்கிறது என்று வழங்கி வைத்திருக்கும் கோப்பு, இரவல் பதிவேடு. டிஎச்சிபி என்ற பெயரை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். அமைப்புத் திரையில் மாணவர் தேடப்போவது அந்த எழுத்துகளைத்தான்.

வழங்கி கொடுப்பதற்காக வைத்திருக்கும் முகவரித் தொகுப்பான பூல் என்பதற்குக் 'குளம்' என்று நம் சொற்பட்டியலில் இருக்கிறது, அதையும் எடுத்துவிடலாம். 'முகவரிக் கையிருப்பு' எப்படி?