புதுப்பிப்பு: எஸ்ஜிஓடி மட்டும் கூடியிருந்தால்?

ஈரல் கலங்கள் சேதமானால் அவற்றுக்குள் இருக்கும் எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி என்ற நொதியங்கள் இரண்டும் கசிந்து இரத்தத்தில் கூடும் என்று போன கிழமை இந்த இழையில் எழுதியிருந்தேன். இரண்டையும் ஒரேமாதிரிச் சொன்னது போதாது.

எஸ்ஜிஓடி தசையிலும் செங்குருதிக் கலத்திலும் இருக்கிறது. ஜிம்மில் கடுமையாகப் பாரம் தூக்கிய மறுநாள் இரத்தம் கொடுத்தால் அது ஏறியிருக்கும். தசைதானா என்று பார்க்க, தசை நொதியத்தை அளக்கும் சிபிகே சோதனை செய்யலாம். எடுத்த இரத்தம் இருக்கும் குழாயில் செங்குருதிக் கலங்கள் உடைந்தாலும் ஏறும். ரிப்போர்ட்டில் 'ஹீமோலைஸ்ட்' (கலங்கள் உடைந்துள்ளன) என்றிருந்தால் மறுபடி இரத்தம் எடுக்கவேண்டும்.

கொழும்பில் மழை தொடங்கினால் டெங்குவை மறக்கக்கூடாது. அதில் எஸ்ஜிஓடிதான் பெரும்பாலும் கூடுதலாக ஏறும். காய்ச்சல் விடவில்லையென்று பனடோலை, அதாவது பரசிட்டமோலைக் கூட்டாதீர்கள், தயவுசெய்து. வளர்ந்தவருக்கு 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுதான் உச்சம். எடை குறைந்தவருக்கு அதிலும் குறைவு. தடிமன் மருந்துகள் பலவற்றிலும் பரசிட்டமோல் இருப்பதால் அதையும் சேர்த்தே எண்ணுங்கள்.

பித்த ஓட்டம் தடைப்பட்டால் கூடும் ஏஎல்பி என்ற நொதியமும் கூடியிருந்தால், கோளாறு எந்த வகை என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு. எஸ்ஜிபிடி 420, மேல் எல்லை 40 என்றால் 10.5 மடங்கு. ஏஎல்பி 150, எல்லை 120 என்றால் 1.25 மடங்கு. முதல் மடங்கை இரண்டாவதால் வகுத்தால் 8.4. ஐந்துக்கு மேல் ஈரல் கலச் சேதம், இரண்டுக்குக் கீழ் பித்த ஓட்டத் தடை, இடைப்பட்டது கலவை.

நொதியம் இறங்கினாலே சுகம் என்றும் எண்ணவேண்டாம். பிலிருபினும் (மஞ்சள் காமாலையில் கூடும் நிறமி) ஐஎன்ஆரும் (இரத்தம் உறையத் தாமதமானால் கூடும் அளவு) ஏற ஏற நொதியம் மட்டும் விழுந்தால், கசிய மிஞ்சிய கலம் இல்லாமல் போயிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.